வாய் திறக்காத விங்கோ

“இந்தத் தடவை நான் வாயே திறக்க மாட்டேன்,” என்றார் விங்கோ.

ஏழு பிள்ளைகளும் தலையாட்டினார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

விங்கோ மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவர். மைக் பிடித்துப் பழக்கமில்லை, தேவையும் இல்லை. சாயங்காலமானால் ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் கேடட் அணிக்குப் பயிற்சி கொடுப்பார். அணியில் பதினைந்து வயதும் உண்டு, ஏழு வயதும் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் முடிச்சுப் போடுகிற பிள்ளையும் உண்டு, தலைக்கவசத்தின் வாரை மாட்டத் தெரியாத பிள்ளையும் உண்டு. ஆளுக்கு ஒரு வாரம் தலைமை என்று முறை வைத்திருந்தார்.

“தலைவர்னா யாரு? வேலைய ஆளுங்ககிட்ட ஒப்படைச்சுட்டு ஒதுங்கி நிக்கிறவரு,” என்பார்.

சொன்ன வாய் மூடுவதற்குள், “டேய் ரோக், குழாய் முறுக்கிக்கிச்சு பாரு” என்று அவரே கத்துவார்.

பயிற்சியில் கத்தினால் பரவாயில்லை. போட்டியில், பயிற்சியாளர் வெளியிலிருந்து ஒரு வார்த்தை சொன்னாலும் புள்ளியை வெட்டிவிடுவார்கள். போன வருடம் வெட்டினார்கள். முதலாவதாக வரவேண்டிய அணி நான்காவதாக வீடு திரும்பியது. காரணத்தை யாரும் அறிவிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மைதானம் முழுக்கக் கேட்டிருந்தது. அதற்கு முந்தின வருடமும் இதே கதைதான்.

சனிக்கிழமை பதினோரு ஊர் அணிகள் கூடியிருந்தன. வாளித் தண்ணீரைக் கைப்பம்பால் அடித்து, தூரத்தில் நிற்கும் தகர டப்பாவைச் சாய்க்க வேண்டும். ஆறு பேர் இறங்குவார்கள். ஏழாவது ஆள் உபரி. அது லூச்கா, அணியிலேயே பொடிசு.

அந்த வாரத் தலைவி தியாஷா மற்ற ஐந்து பேரையும் வரிசையில் நிறுத்தினாள். அடுத்ததும் கடைசியுமான அழைப்பு இவர்களுக்குத்தான். அப்போது பார்த்து லூச்கா அழ ஆரம்பித்தாள்.

“மாமா, பயமா இருக்கு.”

“நீ இறங்கவே போறதில்லையேடா கண்ணு. சும்மா உக்காந்து பாரு.”

“பாக்கவே பயமா இருக்கு.”

அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பக்கத்து ஊர்ப் பயிற்சியாளர் மிலேனா திரும்பிப் பார்த்தாள்.

“பால் பல்லு விழாததையெல்லாம் அணியில சேத்தா இப்படித்தான் விங்கோண்ணே. போய்த் தொட்டில் கட்டுங்க.”

விங்கோவுக்குக் காது சூடானது. “தியாஷா, இவள யாராவது கொஞ்சம்…”

“அவ உங்ககிட்டதான் மாமா சமாதானமாவா,” என்றாள் தியாஷா, பார்வையை டப்பாவிலிருந்து எடுக்காமல். “கூட்டிட்டுப் போங்க. நாங்க பாத்துக்கறோம்.”

வேறு வழியில்லை. தீயணைப்பு வண்டிகளைத் தாண்டி அழைத்துப் போனார். “இன்னும் தள்ளி,” என்றாள் லூச்கா. தேவாலயச் சுவரைத் தாண்டினார்கள். “இன்னும்.” கடைசியில் ஓர் ஆட்டுப் பட்டியருகே வந்து நின்றார்கள்.

மைதானத்தில் விசில் ஒலித்தது.

விங்கோ கழுத்தை எட்டி நீட்டினார். கூட்டத்தின் முதுகுதான் தெரிந்தது. குழாயை இந்நேரம் விரித்திருப்பார்கள். ரோக் வழக்கம்போல முறுக்கியிருப்பான். அவர் தொண்டைக்கு அந்தத் தூரமெல்லாம் ஒரு தூரமே இல்லை. மூச்சை இழுத்தார்.

“டேய் ரோ…”

லூச்கா வீறிட்டாள். பட்டியிலிருந்த ஆடுகள் ஒதுங்கின. அவர் பதறிப்போய்க் குனிந்தார்.

“ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல. மாமாவுக்கும் மொத நாள் இப்படித்தான் நடுங்கிச்சு. அன்னிக்கி ஏலத்துல என் மாமனார் மாட்ட அவருக்கே வித்துட்டேன், தெரியுமா?”

லூச்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று அதை விழுங்கிக்கொண்டு மறுபடி அழுதாள்.

அவர் இன்னொரு முறை நிமிர்ந்தார். அவளும் இன்னொரு முறை வீறிட்டாள்.

இறுதி விசில் ஒலித்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. குழாயை மூடியதுபோல அழுகை நின்றது.

“மாமா, ஐஸ்கிரீம் வாங்கித் தர்றீங்களா?”

பரவாயில்லை, நமக்கும் பிள்ளையைத் தேற்றத் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டார் விங்கோ.

வாங்கிக்கொடுத்துவிட்டு அவர் மைதானத்துக்கு வந்தபோது, பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். முதலிடம். ஒரு புள்ளிகூடப் போகவில்லை.

மிலேனா வந்து கை கொடுத்தாள். “குழாய் நடுவுல முறுக்கிக்கிச்சுண்ணே. அந்தப் பொண்ணு பதறவே இல்ல. ஒரே ஒரு வார்த்தை சொன்னா, பையன் சரிபண்ணிட்டான். நீங்க பாக்காமப் போயிட்டீங்களே.”

விங்கோவுக்கு நெஞ்சு ஒரு பக்கம் நிமிர்ந்தது, ஒரு பக்கம் வலித்தது.

வென்ற கோப்பையில் எல்டர் பூ சர்பத்தை நுரைக்க நுரைக்க ஊற்றினார்கள். முதல் மடக்கு தலைவருக்கு; அங்கே அதுதான் வழக்கம். தியாஷா கோப்பையை வாங்கினாள். குடிக்கவில்லை. நேராக நடந்துவந்து, மூக்கில் ஐஸ்கிரீமோடு நின்ற லூச்காவின் வாயில் வைத்தாள். மற்ற ஐந்து பேரும் கைதட்டினார்கள்.

விங்கோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்தியா மிலேனா? இறங்காத பிள்ளைக்கு, அழுத பிள்ளைக்கு மொத மடக்கு. இதுக்குப் பேரு தலைமை. எல்லாம் நான் சொல்லிக்குடுத்தது.”

தியாஷா திரும்பினாள்.

“பாவம்னு குடுக்கல மாமா. எங்கள்லயே கஷ்டமான வேலை அவளுக்குத்தான். நாங்க ஆறு பேரும் சேந்து தண்ணியத்தான் அடிச்சோம். அவ ஒத்தையா உங்களப் பிடிச்சு நிறுத்தி வெச்சாளே.”