குட்மார்னிங் ரோஜா

நண்பர்களோடு பேச ஆளுக்கு ஒரே சமூக வலைத்தளம்தான் என்று சட்டம் வந்ததிலிருந்து, ஏப்ரல் முழுக்க என் பதிவு கவுண்டரில் கூட்டம்தான். இன்று கடைசியாக வந்தவர் மெஹருன்னிசா.

“இந்தத் தளத்துல உங்களுக்கு நாற்பது பேர். அந்தத் தளத்துல ஒருத்தர்தான். எதை விடுறீங்கம்மா?”

“நாற்பதை விட்ருங்க சார்.”

“யாரு அந்த ஒருத்தர்?”

“கூட வேலை பார்த்த சகுந்தலா. தினமும் குட்மார்னிங் ரோஜா அனுப்புவா, ஒரே இம்சை. ஆனா பத்து மணிக்குள்ள நான் பதில் போடலைன்னா, கதவைத் தட்ட ஆள் அனுப்பிடுவா. வீட்ல வேற யாரு இருக்கா?”

பதிவு செய்தேன். இனி ஓராண்டுக்கு மாற்ற முடியாது.

என் பழைய நண்பன் துரைப்பாண்டி எனக்கும் தினமும் ரோஜா அனுப்பினான். அந்த இம்சை தாங்காமல்தான் போன வாரம் அவன் இருந்த தளத்தை விட்டேன். நானும் தனியாள்தான்.