ஒரு நாளைக்கு ஒரு பக்கம்

மூவேளைச் செபம் முடிந்ததும் சாப்பாட்டு மேசை மறுபடி வகுப்பறையாகிறது. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே அம்மாவிடம் பாடம் படிக்கும் மகள், புனிதர் வரலாற்றை விரித்து, வரிக்கு வரி விரல் வைத்து வாசிக்கிறாள். பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த அட்டை மேசையில் வெயிலில் கிடக்கிறது. அட்டையின் முன்புறம் பஸ் டிரைவர் சீருடையில் அப்பாவின் படம். பின்புறம் நித்திய இளைப்பாற்றி செபம். அப்பா இறந்த முப்பதாம் நாள் பூசையில் எல்லாருக்கும் கொடுத்த நினைவு அட்டை. மாதா சுரூபத்தின் முன்னால் உருகி ஒட்டிய மெழுகைச் சுரண்டிக்கொண்டே அம்மா காதை இங்கேதான் வைத்திருக்கிறாள். ஒரே பக்கம் முடிந்ததும் மகள் அட்டையைச் செருகிப் புத்தகத்தை மூடிவிடுகிறாள். “அதுக்குள்ளயா? பத்துப் பக்கம் மளமளன்னு படிக்கிறவளுக்கு என்னடி வந்துச்சு?” அம்மாவுக்குச் சுள்ளென்று வருகிறது. மகள் நிமிரவில்லை. “இன்னும் நாலு பக்கம்தாம்மா இருக்கு. முடிஞ்சிட்டா அப்பாவை எங்க வைக்கிறது?” மெழுகு சுரண்டும் சத்தம் நின்றுவிடுகிறது. அம்மா அலமாரிக்குப் போய், வீட்டிலேயே தடிமனான புத்தகத்தை, விவிலியத்தை, இரண்டு கையாலும் தூக்கி வந்து மகள் முன்னால் வைக்கிறாள். “அது முடிஞ்சதும் இதுல வை,” என்கிறாள். “மெதுவாவே படி.”