முட்டை சிஸ்டர்

மதரின் அறை வாசலில் முட்டை சிஸ்டர் நின்றுகொண்டிருந்தாள். கதவைத் தட்டக் கை எழவில்லை.

முட்டை என்பது மாணவர்கள் வைத்த பெயர். புள்ளியியல் தாளில் கை கூசாமல் முட்டை போடுகிறவள் அவள். அதே துறையின் இன்னொரு ஆசிரியரான குருவானவருக்கு வள்ளல் ஃபாதர் என்று பெயர். தாளின் தலையில் சிலுவைக்குறி போட்டு, பெயரைப் பிழையில்லாமல் எழுதினால் போதும், அவரிடம் தேறிவிடலாம்.

துறையில் இருப்பதே இந்த இரண்டு பேர்தான்.

மடத்துத் தலைவியான மதரும் அவள் மாணவிதான். சபை தொடங்கப்போகும் பள்ளிக்கு முதல்வராக இன்னொரு பட்டம் வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அறுபதை எட்டும் வயதில் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து முதல் பெஞ்சில் உட்காருகிறார்.

வகுப்பில் முட்டை சிஸ்டர் நுழைந்தால் மதர் எழுந்து நிற்பார். மடத்தில் மதர் நுழைந்தால் முட்டை சிஸ்டர் எழுந்து நிற்பாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

இன்று காலை விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். மதருக்கு மூன்று மதிப்பெண்ணில் தேர்ச்சி போயிற்று. மறுதேர்வு எழுத வேண்டும்.

அந்த மூன்றும் ஒரே கேள்வியில் போனவை. பையில் நான்கு சிவப்புப் பந்து, ஆறு நீலப் பந்து. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் சிவப்பு வருவதற்கான நிகழ்தகவு என்ன?

மதர் எழுதியிருந்த பதில்: ‘அது கடவுள் சித்தம்.’

அதைத் திருத்தும்போது முட்டை சிஸ்டர் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கல்குவாரியில் சல்லி உடைத்த வீட்டில் பிறந்தவள். அப்பா உடைத்த கல்லுக்குத்தான் கூலி வாங்குவார், உடைக்காத கல்லுக்குக் கை நீட்ட மாட்டார்.

முட்டை போட்டாள்.

தாளைக் கொடுத்த பிறகுதான் மதரிடம் விடுப்பு கேட்க வேண்டுமே என்பது உறைத்தது. அடுத்த வியாழன் தம்பிக்குக் கல்யாணம். அம்மா போன பிறகு இவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. வருடத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்குப் போகலாம் என்பது மடத்துச் சட்டம். அப்பா காலில் பாறை உருண்டபோதே அந்த ஒருமுறை தீர்ந்துவிட்டது. இனி மதர் மனம் வைத்தால்தான் உண்டு.

“நீ வராம நான் கோயிலுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்க்கா,” என்று நேற்று போனில் சொல்லியிருந்தான்.

கதவைத் தட்டினாள்.

மேசைமேல் அந்த விடைத்தாள் விரிந்து கிடந்தது. முட்டை விளக்கொளியில் நன்றாகத் தெரிந்தது, சிவப்பாக, உருண்டையாக.

அதைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னாள். ஒரு நாள் போதும், விடியலில் பஸ் ஏறினால் ராத்திரி ஜெபத்துக்குத் திரும்பிவிடலாம் என்று முனகினாள்.

மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவரிலிருந்த காலண்டரை நிதானமாகப் பார்த்தார்.

“வளர்த்த புள்ளைக்குக் கல்யாணம், ஒரு நாள்ல ஓடி வருவியா? செவ்வாய்க்கிழமையே கிளம்பு. ஞாயிறு பூசை முடிச்சுட்டு மெதுவா வா.”

முட்டை சிஸ்டர் முட்டை போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இந்த மனசுக்கா மூன்று மதிப்பெண்ணில் கஞ்சத்தனம் பண்ணினோம் என்று இருந்தது.

வாசல்வரை போனவள் திரும்பினாள். கல்யாணத்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை மறுதேர்வு ஆயிற்றே, அன்றைக்கே திருத்திக் கொடுக்க வேண்டுமே, தான் இல்லாமல் யார் திருத்துவார்கள் என்று கேட்டாள்.

மதர் விடைத்தாளை நாலாக மடித்து வேதாகமத்துக்குள் செருகினார்.

“அது கடவுள் சித்தம்,” என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பாதிப் படிக்கட்டு இறங்கும்போதுதான் முட்டை சிஸ்டருக்குக் கணக்கு வந்தது. திருத்துகிற இரண்டு பேரில் ஒருத்தி கல்யாணத்துக்குப் போகிறாள். நிகழ்தகவு ஒன்று.

முழு மதிப்பெண் போட வேண்டிய விடை.