நடத்துநர் கையேடு

“இது ஏமாத்து வேலை உமா. பச்சை ஏமாத்து!”

குற்றாலம் சாரல் விழாவில் போட்ட சின்னக் கடை அது. வெளியே சாரல், உள்ளே நஸீபாவின் இடிமுழக்கம். உமா மகேஸ்வரி புத்தகக் கட்டின்மேல் பாலித்தீன் தாளை இழுத்துவிட்டபடி சிரித்தாள்.

“நாலு நாள்ல இருபத்தேழு போயிருக்குட்டி. சிரிக்காம அழவா செய்ய?”

இருவரும் சேர்ந்து தொடங்கிய பதிப்பகம். வெளியிட்டது ஒரே ஒரு விளையாட்டு: ‘தேனருவி மர்மம்’. நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதைக்குள்ளேயே இறங்கி ஆட வேண்டும். ஒருவர் மட்டும் ஆட மாட்டார். கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துவார்.

எழுதியது நஸீபா. விற்பது உமா.

“ஆடுதவன் புஸ்தகம் வாங்க மாட்டான். நடத்துதவன்தான் வாங்குவான். அவன் ஒருத்தன் வாங்கினா அஞ்சு பேரு ஆடுவான். அந்த அஞ்சுல ஒருத்தன் நாளைக்குத் தானே நடத்தணும்னு வந்து நிப்பான்” என்பது உமாவின் வியாபார வேதம். அதனால் ஆடுபவர்களுக்கு மெலிந்த புத்தகம், இலவசம். நடத்துபவருக்குத் தடிப் புத்தகம், விலைக்கு.

அந்தத் தடிப் புத்தகத்துக்கு நஸீபா சுத்தத் தமிழில் பெயர் வைத்தாள்: ‘நடத்துநர் கையேடு’.

அங்கேதான் பிடித்தது வினை.

முதல் நாளே காக்கிச் சட்டையும் தோள்பையுமாக வந்தார் அய்யாக்குட்டி. கடையம் பஸ்ஸில் கண்டக்டர். அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“நடத்துநர் கையேடா? அட, நமக்குன்னும் ஒருத்தர் புஸ்தகம் போட்டிருக்காவளே!”

நஸீபா பதறி எழுந்தாள். “நீ போயி டீ வாங்கிட்டு வாட்டி” என்று உமா அவளை விரட்டிவிட்டாள். டீயோடு திரும்பினால், புத்தகம் தோள்பைக்குள் ஏறிவிட்டது.

மறுநாள் மூன்று காக்கிச் சட்டை. அதற்கு மறுநாள் எட்டு. நாலாம் நாள் பதினைந்து. காக்கியைக் கண்டாலே உமா டீ வாங்க விரட்ட, நஸீபாவுக்குப் பொறுக்கவில்லை.

“பஸ் ரூல்ஸ்னு நெனச்சு வாங்கிட்டுப் போறாங்க, பாவம். பகடை, பாத்திரம், மாயக் குகைன்னா கண்டக்டருக்கு என்னட்டி வெளங்கும்?”

“நஸீபா, நான் சொல்லுதத கொஞ்சம்...”

“என்னத்தச் சொல்லப் போற? யாபாரம்னா இப்படித்தான்னு சொல்லுவ. உழைக்கிறவன் பையில கை வெக்கிறதுக்குப் பேரு யாபாரமா?”

நஸீபா வாதாட ஆரம்பித்தால் எதிராளிக்கு ஒரு காற்புள்ளிகூடக் கிடைக்காது. உமா இரண்டு தடவை வாயைத் திறந்து இரண்டு தடவையும் மூடினாள்.

“இருபத்தேழையும் நானே திருப்பி வாங்குதேன். இல்லன்னா இந்தப் பதிப்பகத்துல நான் இல்ல. அட்டையில என் பேரும் இருக்கக் கூடாது!”

“அப்ப நீயே போயிக் கேட்டுக்கோ, தாயே” என்று உமா கும்பிட்டாள். “அய்யாக்குட்டி அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டுல இருப்பாரு.”

தென்காசி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஓய்வெடுக்கும் அறை. வாசலிலேயே நின்றுவிட்டாள் நஸீபா.

நடுவில் அய்யாக்குட்டி. சுற்றிலும் நாலு பேர். பெஞ்சின்மேல் பகடை.

“அருவியில தண்ணி ஏறுது. நீ வழுக்குப் பாறையில நிக்க. கூட வந்தவன் மறுகரையில கெடக்கான். என்னலே செய்யப் போற?”

“குதிக்கேன் அண்ணாச்சி!” என்றார் மீசை வைத்த டிரைவர்.

“குதிப்பலே! உருட்டு பாப்போம்!”

பகடை உருண்டது. அறையே ஓவென்று கத்தியது.

நஸீபா உள்ளே போய் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். “அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க. பேரப் பாத்து ஏமாந்துட்டீங்க. இது பஸ் புஸ்தகம் இல்ல. திருப்பி எடுத்துக்கிடுதோம்.”

அய்யாக்குட்டி சிரித்துவிட்டார். “அது எனக்குத் தெரியாதா? நீங்க டீ வாங்கப் போனப்பவே அந்தத் தங்கச்சி எடுத்துச் சொல்லிட்டாவ. வந்த ஒவ்வொரு கண்டக்டர்கிட்டயும் சொல்லியிருக்காவ. ‘வேண்டாம்னா வெச்சிருங்க, அண்ணாச்சி’ன்னாவ.”

நஸீபாவுக்கு உமாவின் மூடிய வாய் ஞாபகம் வந்தது.

“பொறவு எதுக்கு வாங்குனீங்க?”

அவர் தோள்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்த முதல் பக்கத்தைத் திறந்து, கூட்டத்துக்குக் கேட்க வாசித்தார்.

“‘நடத்துநர் யார்? முன்பின் அறியாதவர்களை ஒரே வழியில் கூட்டிச் செல்பவர். எங்கே நிறுத்த வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று தெரிந்தவர். ஒருவரையும் நடுவழியில் விட்டுவிடாதவர்.’”

நஸீபா மூன்று நாள் அடித்து அடித்து எழுதிய வரிகள்.

“இருவத்திரண்டு வருசமா நான் செய்யுத வேல இதுதான தங்கச்சி? பஸ்ஸுல செஞ்சேன், இப்பம் பகடையிலயும் செய்யுதேன். படிச்சவுடனே நிமிந்து உக்காந்துட்டேன்லா!”

“ஆமா அண்ணாச்சி” என்றாள். அதற்குமேல் அவளுக்கே ஒரு காற்புள்ளி கிடைக்கவில்லை.

அய்யாக்குட்டி அட்டையைச் சட்டையில் துடைத்து, பெயரை விரலால் தொட்டுக் காட்டினார்.

“எழுதினது நஸீபான்னு போட்டிருக்கு. அவங்களப் பாத்தா நான் சொன்னேன்னு சொல்லுங்க தங்கச்சி: கண்டக்டருக்கு இதெல்லாம் எங்க வெளங்கப் போவுதுன்னு நெனக்காத ஆளு, அவங்க ஒருத்தங்கதான்.”