புகை டாக்டர்

"ஆக்சிலேட்டரை மிதிச்சா வண்டி யோசிச்சு யோசிச்சுத்தான் நகருது. ஏத்தத்துல நின்னுடுமோன்னு பயமா இருக்கும்மா!" என்றபடி காரை மலைச்சாலையின் ஓரம் கட்டினான் கணவன்.

"பயந்தா வண்டி ஓடிடுமா? இறங்கிப் பின்னாடி நில்லுங்க. நான் மிதிக்கிறேன். புகை என்ன நிறத்துல வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

அவள் சுற்றி வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். டீசல் வண்டிகள் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் அவள்தான் சூப்பர்வைசர். அங்கே எல்லாருக்கும் அவள் 'புகை டாக்டர்'. கணவனுக்கோ மூக்குக்கண்ணாடிக் கடை. கார் விஷயத்தில், டீசல் மூடி எந்தப் பக்கம் என்பதோடு அவன் அறிவு முடிந்துவிடும்.

"கறுப்பு! கன்னங்கரேல்னு வருது!"

"அப்போ டீசல் நல்லாத்தான் வருது. காத்துதான் பத்தல. பானெட்டைத் திறங்க. ஏர் ஃபில்டர்ல குப்பை இருக்கா?"

"சுத்தமா இருக்கு."

"தடிமனா ஒரு ரப்பர் குழாய் போகுது பாருங்க. எங்கேயாவது 'உஸ்'ஸுன்னு காத்து கசியுதா?"

"இல்லையே..."

அவள் கண்களை மூடி, நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொண்டாள். என்ஜின் சத்தத்தைக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் அவள் இப்படிக் காது கொடுக்கும்போது ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சற்றுப் பொறுத்து நிமிர்ந்தாள்.

"ஈ.ஜி.ஆர். வால்வுதான். வெளியே போற புகையில கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்கே அனுப்புற வால்வு அது. திறந்தபடியே இருக்கு போல. விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கிட்டு எவ்வளவு தூரம்தான் ஓடும், பாவம்!"

"ஒர்க்‌ஷாப்புக்கு போன் போடட்டுமா?"

"அவங்க மலையேறி வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். நீங்களே பண்ணுங்க. வலது பக்கம் தொப்பி மாதிரி ஒண்ணு இருக்கா? அதுல செருகியிருக்கிற சின்னக் குழாய்தான் வால்வை இழுத்துத் திறக்குது, அதைப் பிடுங்குங்க. சூடு, துணி சுத்திக்குங்க."

பிடுங்கினான். அவள் மிதித்துப் பார்த்தாள். அதே திணறல், அதே புகை.

"அப்போ கரி படிஞ்சு வால்வே சிக்கியிருக்கு. ஸ்பானரால அதோட கழுத்துல தட்டுங்க. கதவை உடைக்கிற மாதிரி இல்ல..." பாதியில் நிறுத்தி மறுபடி கண்ணை மூடினாள். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. பிறகு நிதானமாகச் சொன்னாள்: "தூங்குற ஆளை எழுப்புற மாதிரி."

தட்டினான். இன்னொரு தடவை தட்டியதும் உள்ளே 'டக்' என்றது.

"மூடிக்கிச்சு! அந்தக் குழாய் வாயில ஒரு ஸ்க்ரூவைச் செருகி அப்படியே விட்டுடுங்க. இனிமே வால்வு திறக்காது. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்."

என்ஜின் சீறியது. புகையே இல்லை. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"இருந்த இடத்துலேருந்தே கண்டுபிடிச்சிட்டியே! உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா உலகத்தையே சுத்தலாம். வா, உங்க அம்மா வீட்டுக்குப் போய் நிம்மதியா சாப்பிடலாம்."

அவள் மெதுவாக இறங்கிப் பின் இருக்கையில் சாய்ந்து படுத்தாள். முகமெல்லாம் வியர்வை.

"அம்மா வீட்டுல நிறுத்தாதீங்க. தாண்டி, நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க. வண்டி திணற ஆரம்பிச்சப்பவே எனக்கு இடுப்பு வலியும் ஆரம்பிச்சிடுச்சு. உங்க பிள்ளை தேதிக்கு முன்னாடியே கிளம்பிட்டான். அப்பவே சொல்லியிருந்தா, நீங்க ஸ்பானரைப் பிடிச்சிருப்பீங்களா?"