துறைமுகம் வரை ஊர்வலம்

நான் பிறந்ததே எங்கள் காரின் பின்சீட்டில்தான். அழுவதற்குப் பதில் ஹாரன் அடித்தேன் என்பாள் அம்மா. அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பாவுக்குப் பிறகு கார் அண்ணனிடம் போயிற்று. அவர்தான் பழைய கார் சங்கத் தலைவர். வெளிநாட்டுக்காரர்கள் நாட்டிலுள்ள பழைய கார்களை வளைத்து வளைத்து வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்ணே, நம்ம காரையும் கேட்டாங்களாமே?"

"கேட்டா? பெத்த தாயை யாராவது விப்பானாடா? இது கப்பலேறினா நாட்டு மானமே கப்பலேறும்!"

அதோடு விடவில்லை. சங்கத்துக் கார்களைத் திரட்டித் துறைமுகத்துக்கே கண்டன ஊர்வலம் அறிவித்துவிட்டார்.

ஒரு கார் பாக்கியில்லாமல் எல்லாம் வந்தன. 'எங்கள் செல்வம் எங்களுக்கே' என்ற பதாகையைப் பிடித்தபடி, பின்சீட்டில் தொண்டை கிழியக் கத்தினேன். துறைமுகக் காவலாளி சலாம் வைத்துக் கதவைத் திறந்தார். உண்மைக்கு என்ன மரியாதை என்று பூரித்துப் போனேன்.

கப்பலருகே அண்ணன் வண்டியை நிறுத்தினார்.

"இறங்குடா தம்பி."

"பேசப் போறீங்களாண்ணே?"

அவர் நேராகப் போய் அங்கே காத்திருந்த வெளிநாட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தார். அண்ணனுக்குப் பின்னால் செயலாளர், பொருளாளர், மொத்தச் சங்கமும் கையில் சாவியோடு வரிசையில் நின்றது.

"சும்மா ஓட்டிட்டு வந்தா ஊர்ல நாலு பேர் கேப்பாங்கல்ல?" என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

திரும்பும்போது சங்கமே ஒரு பஸ்ஸில் ஏறியது. எனக்குக் கிடைத்தது பின்சீட்டு. இந்தத் தடவை ஹாரன் வரவில்லை, அழுகைதான் வந்தது.