அத்தா கத்தி

கடலூர் கோர்ட்டிலிருந்து ரஃபியுதீன் வந்த அதே பஸ்ஸில்தான் அண்ணன் ஹிதாயத்துல்லாவும் வந்தான். அத்தா விட்டுப்போன வீட்டுக்காக இருவருக்கும் ஆறு வருஷமாக வழக்கு. சிதம்பரத்தில் இறங்கியதும் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றான் ரஃபியுதீன்.

"அத்தா கத்தி எங்க? எடு வெளியில!"

"கோர்ட்டுல வாய்தா கெடச்சது போதலையா? இப்ப கத்தி வேற கேக்குதா?"

"வக்கீலை வச்சு என்னைத் திருடன்னு சொல்ல வச்சல்ல?"

"பின்ன, உன்னை ஹாஜியார்னா சொல்லுவாங்க?"

தெரு கூடிவிட்டது. ஜட்காக்காரன் சவாரியை மறந்து நின்றான்.

"வேணாங்க, ஒரு வயித்துல பொறந்தவங்க!" என்று அண்ணன் மனைவி மலிகா குறுக்கே விழுந்தாள். அவளை விலக்கிவிட்டு உள்ளே போன ஹிதாயத்துல்லா, பளபளக்கும் கத்தியோடு திரும்பி வந்தான். தெருவுக்கு மூச்சு நின்றுவிட்டது.

"சாணை பிடிச்சாச்சு," என்று பல்லைக் கடித்தான். "போன பக்ரீதுக்கு நான் அறுத்தேன். நாளைக்கு உன் முறை. ஆட்டை அலைக்கழிக்காத, ஒரே இழுப்பு!"

"எனக்கும் அத்தாதான் கத்துக்கொடுத்தாங்க. குடு!"

நீட்டிய கையில் கொடுக்காமல், அண்ணன் குனிந்து கத்தியைத் தரையில் வைத்தான். ரஃபியுதீனுக்குக் கொதித்தது.

"நாய்க்குப் போடுற மாதிரி போடுறியே, கையில கொடுத்தா என்ன?"

"போடா முட்டாப்பயலே!" தெரு அதிர இரைந்தான் ஹிதாயத்துல்லா. "கத்தியைக் கையில கொடுத்தா நமக்குள்ள சண்டை வந்துடாதா?"